இலையைவிட, இலைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்

வான்கோவின் ‘ஐரிஸ் பூக்கள்’ படத்தை யாரிடமாவது காட்டினால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். அதற்கப்புறம் என்ன சொல்வது, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ‘நல்லா இருக்கு’க்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வரையத் தெரிந்திருக்க வேண்டாம். பாரிஸுக்கோ நியூயார்க்குக்கோ டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒரு லேப்டாப், கொஞ்சம் எம்ப்ராய்டரி நூல், நாலைந்து போஸ்டர் கலர், வேலையில்லாத ஒரு சாயங்காலம் இருந்தால் போதும்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடுவோம். 1874-இல் மோனே, ரெனுவார், பிஸாரோ முதலானவர்கள் பாரிஸில் தங்கள் முதல் கூட்டுக் கண்காட்சியை வைத்தார்கள். இவர்கள்தான் இம்ப்ரெஷனிஸ்டுகள். ஒரு குறிப்பிட்ட நேரத்து வெளிச்சம் மரத்தின்மீதும் தண்ணீரின்மீதும் விழும்போது கண்ணுக்கு எப்படிப் படுகிறதோ, அதை அப்படியே பிடிப்பது அவர்களுடைய நோக்கம். அவர்களிடம் பாடம் கற்றுக்கொண்டு, பிறகு ஆளுக்கொரு திசையில் கிளம்பியவர்கள் ஜார்ஜ் சூரா, பால் செசான், பால் கோகன், வின்சென்ட் வான்கோ. ‘போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயரை ரோஜர் ஃப்ரை என்ற ஆங்கிலேய விமர்சகர் 1910-இல் லண்டனில் நடத்திய கண்காட்சிக்காக வைத்தார். அப்போது நால்வரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. ஆகவே இவர்களை ஒரே கட்சிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு பொதுக் கொள்கை எதையும் தேட வேண்டாம்.

ஆனாலும் இவர்கள் வரைந்த செடிகொடிகளைப் பார்ப்பதற்கு ஒரு பொதுச் சாவி இருக்கிறது. இந்தப் படங்களில் வெளிச்சம் எங்கோ ஒரு மூலையிலிருந்து வந்து இலைமேல் விழுவது குறைவு. இலையின் நிறமும் அதை ஒட்டியிருக்கும் நிறமும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலும் வெளிச்சம் பிறக்கிறது. அதனால் இலையை எவ்வளவு பார்க்கிறோமோ, அதற்கு மேலாகவே அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒன்றைப் பழகிக்கொள்வதற்குத்தான்.

படி 1: திரையைச் சரிசெய்யுங்கள்

போனில் ராத்திரி நேரத்துக்கென்று ஒரு மஞ்சள் திரை அமைப்பு இருக்குமே, அதை அணையுங்கள். நிறங்களைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ மாதிரியான அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். கூகுள் படத்தேடலில் கண்ணில் படுகிற முதல் படத்தை எடுக்க வேண்டாம். ஒரே ஓவியத்தின் பத்துப் பிரதிகள் பத்து நிறத்தில் வரும். போஸ்டர் விற்பவர்கள் மஞ்சளைக் கூட்டியிருப்பார்கள், வால்பேப்பர் தளக்காரர்கள் எல்லாவற்றையும் கூட்டியிருப்பார்கள். ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் தளத்துக்கே போங்கள். ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிடன், லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி, லண்டன் நேஷனல் கேலரி, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் எல்லாமே தூரிகைத் தடம் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க விடுகின்றன. காசு கிடையாது.

படி 2: ஒரே படத்தில் உட்காருங்கள்

கெட்டி மியூசியத்தில் இருக்கும் ‘ஐரிஸ் பூக்க’ளைத் திறந்துகொள்ளுங்கள். வான்கோ 1889 மே மாதம் தெற்குப் பிரான்ஸில் சென்-ரெமி என்ற ஊரிலிருந்த மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு அதன் தோட்டத்தில் உட்கார்ந்து இதைத் தொடங்கிவிட்டார்.

முதல் இரண்டு நிமிடம் பெரிதாக்காமல் முழுப் படத்தையும் பாருங்கள். வானம் இல்லை. அடிவானக் கோடும் இல்லை. வெயில் வலமிருந்து வருகிறதா, இடமிருந்து வருகிறதா? தேடிப் பாருங்கள், பிடிபடாது. பூக்களின் நிழல் மண்ணில் விழவே இல்லை. இருந்தும் படம் முழுக்க வெளிச்சமாக இருக்கிறது. எப்படி?

இப்போது இடதுபக்கம் மேல் மூலைக்குப் போங்கள். ஐரிஸ்களுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூக்கூட்டம் இருக்கும். திரையில் அந்த இடத்தை மட்டும் கையால் மறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நீலப் பூக்களைப் பாருங்கள். பிறகு கையை எடுங்கள். நீலம் சட்டென்று தூக்கலாகத் தெரியும். பூவின் பெயிண்ட் மாறவில்லை, அதன் அக்கம்பக்கம்தான் மாறியது. அடுத்து, கூட்டத்துக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் அந்த வெள்ளை ஐரிஸையும் இதேபோல மறைத்துத் திறந்து பாருங்கள். கீழே உள்ள செம்மண்ணை மறைத்தால் இலைகளின் பச்சைக்கு என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

இந்தக் கைவைத்தியம் ஒன்றைப் பழகிக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எந்தப் படமானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

படி 3: எதிர் நிறங்களைக் கண்டுபிடியுங்கள்

கையை எடுத்ததும் நீலம் ஏன் தூக்கலாயிற்று? இதற்கான பதில் ஓவியர்களிடமிருந்து வரவில்லை, சாயப்பட்டறையிலிருந்து வந்தது. பாரிஸில் கோப்லன் என்ற பழம்பெரும் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர் சாயத் துறைக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, நெய்தால் வெளுப்பாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் எந்த நிற நூல் ஓடுகிறதோ, அதுதான் கறுப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை 1839-இல் அவர் பெரிய புத்தகமாகவே எழுதினார். அதன் சாரம் பின்னால் வந்த ஓவியர்களுக்கு மனப்பாடம்.

ஓவியர்களின் கணக்கில் மூன்று ஜோடிகள்: சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும். ஜோடியில் ஒன்றை மற்றதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பளிச்சென்று எழும். ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் செத்து, ஒருமாதிரி சாம்பல்பழுப்பாகிவிடும். நம் கண்ணிலேயே இந்த ஜோடி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. நல்ல சிவப்புச் செம்பருத்திப் பூ ஒன்றை வெளிச்சத்தில் வைத்து அரை நிமிடம் கண் அசையாமல் பார்த்துவிட்டு, உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரில் பச்சை கலந்த நீலத்தில் ஒரு பூ மிதக்கும்.

வான்கோ இந்தப் பாடத்தைப் பூக்களை வைத்துத்தான் படித்தார். நெதர்லாந்தில் இருந்தவரை அவர் படங்கள் மண்ணும் புகையுமான பழுப்பில்தான் இருந்தன. 1886-இல் பாரிஸுக்கு வந்ததும், மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாததால், கோடை முழுக்கப் பூங்கொத்துகளாக வரைந்து தள்ளினார். சிவப்பு பாப்பி, நீலக் கார்ன்ஃப்ளவர், வெள்ளையும் ரோஸுமாக ரோஜா, மஞ்சள் சாமந்தி என்று பட்டியல் போட்டு, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா என்று எதிர்ப்புகளைத் தேடிக்கொண்டிருப்பதாக நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பூ ஓவியங்கள் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. சில படங்களில் ஜாடி முழுக்க நிறங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அந்தச் சாதகம் இல்லாமல், பின்னால் தெற்குப் பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில் அவர் வரைந்த சூரியகாந்திப் படங்கள் வந்திருக்காது.

ஒவ்வொரு ஜோடியையும் பெயிண்டில் சோதித்தால் செலவு தாங்காது. அதற்கு அவர் வைத்திருந்த வழி ஒரு சிவப்பு அரக்குப் பெட்டி. உள்ளே கம்பளி நூல் உருண்டைகள், சிலவற்றில் இரண்டு மூன்று நிற நூல்களைச் சேர்த்துச் சுற்றியிருப்பார். எந்த நிறம் எதனோடு எப்படி நிற்கும் என்று நூலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுப்பார். பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் இருக்கிறது. நீங்களும் ஃபேன்ஸி ஸ்டோரில் எம்ப்ராய்டரி நூல் ஏழெட்டு நிறத்தில் வாங்கி, விரலில் இரண்டிரண்டாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு பச்சையை எடுத்துக்கொண்டு அதே பச்சையைச் சிவப்போடும், மஞ்சளோடும், நீலத்தோடும் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். மூன்றும் மூன்று பச்சையாகத் தெரியும்.

படி 4: நிழலுக்குள் போங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் வெளிச்சத்தைப் பிரகாசமான இடங்களில் தேடுவார்கள். இவர்களிடம் நிழலில்தான் தேட வேண்டும்.

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் தளத்தில் சூராவின் ‘லா கிராந்த் ஜாத் தீவில் ஞாயிறு மாலை’ படத்தைத் திறங்கள். 1884 முதல் 1886 வரை வேலை செய்த படம். உயரம் இரண்டு மீட்டர், அகலம் மூன்று மீட்டர். குடை பிடித்த பெண்களையும் குரங்கையும் விட்டுவிடுங்கள், எல்லோரும் அவர்களைத்தான் பார்க்கிறார்கள். படத்தின் கீழ்ப்பகுதியில் நிழல் விழுந்த புல்லை நன்றாகப் பெரிதாக்குங்கள். ‘நிழலில் புல், அவ்வளவுதானே, கரும்பச்சை’ என்று தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் புல்லின் சொந்தப் பச்சையில் நிறையத் தீற்றல்கள். அதன் நடுவே, இலைகளுக்கிடையில் கசிந்துவரும் கொஞ்ச வெயிலுக்காக ஆரஞ்சுப் புள்ளிகள். பச்சைக்கு எதிர் நிறமாகச் செந்நீலப் பொட்டுகள். வெயில் படும் புல்வெளி பக்கத்திலேயே தொடங்குவதால், அந்த எல்லையை நெருங்க நெருங்க நீலம் கூடுகிறது. 1886-இல் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் என்ற விமர்சகர் இதே புல்லை இதே மாதிரி புள்ளி புள்ளியாகப் பிரித்து எழுதிக் காட்டினார். ஒரு முழம் புல்லுக்கு இவ்வளவு கணக்கு.

மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். தள்ளி நின்றால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று தெரியும். சூரா எதிர்பார்த்ததும் அதைத்தான். புள்ளிகள் தட்டில் கலக்காமல் பார்ப்பவர் கண்ணில் கலந்தால் வெளிச்சம் குறையாது என்று நம்பினார். இது முழுக்கப் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர் நிறப் புள்ளிகளை ரொம்பச் சின்னதாக வைத்து ரொம்பத் தள்ளி நின்று பார்த்தால், கண்ணிலும் அவை கலந்து சாம்பலாகத்தான் ஆகும். புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒரு நடுத் தூரம் உண்டு. புல் மினுங்குவது அங்கேதான். படத்தை மெதுவாகச் சிறிதாக்கிக்கொண்டே வந்தால் அந்த இடம் உங்களுக்கே பிடிபடும்.

இன்னொரு வகை நிழல் வான்கோவின் சைப்ரஸ் மரம். மெட்ரோபாலிடன் மியூசியத்தில் 1889 ஜூனில் வரைந்த ‘சைப்ரஸ் மரங்கள்’ இருக்கிறது. வெயில் அடிக்கிற வெளியில் இந்த மரம் ஒரு கறுப்புத் திட்டாக நிற்கிறது, ஆனால் சரியாகப் பிடிப்பதற்கு இதைவிடக் கஷ்டமான கறுப்பு இல்லை என்று தம்பி தியோவுக்கு எழுதினார். அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: மரத்தை நீல வானத்துக்கு எதிரே, இன்னும் சரியாகச் சொன்னால் நீலத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். மரத்தைப் பெரிதாக்குங்கள். கறுப்பென்று நினைத்த இடத்தில் கரும்பச்சையும் நீலமும் பழுப்பும் ஒன்றின்மேல் ஒன்று சுழன்று ஏறும். வானத்தின் நீலம் மரத்துக்குள் நுழைந்திருப்பதால்தான் அந்த இருட்டு, ஓட்டை விழுந்ததுபோல் இல்லாமல் உயிரோடு இருக்கிறது.

படி 5: பச்சைகளை எண்ணுங்கள்

செசான் அவசரமே இல்லாத மனிதர். 1876-இல் மத்தியதரைக் கடலோரம் எஸ்தாக் என்ற ஊரிலிருந்து பிஸாரோவுக்கு எழுதிய கடிதத்தில், இங்கே ஒரு காட்சியை மூன்று நான்கு மாதம்கூட வரையலாம், ஏனென்றால் செடிகொடி மாறாது, ஆலிவும் பைனும் இலை உதிர்ப்பதில்லை என்கிறார். வான்கோவோ பூ வாடுவதற்குள் முடித்தாக வேண்டும் என்று விடிந்ததும் வேலைக்கு உட்காருகிறவர். எந்தச் செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேயே ஆளின் வேகம் தெரிகிறது. செசான் பூங்கொத்து வரையும்போது நிஜப் பூ தாக்குப்பிடிக்காமல் காகிதப் பூ வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.

லண்டன் கோர்ட்டால்ட் கேலரியில் இருக்கும் ‘பெரிய பைன் மரத்தோடு சென்-விக்த்வார் மலை’ (1887 வாக்கில் வரைந்தது) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே குறுக்காக ஓடும் பைன் கிளை, தூரத்து மலையின் வளைவையே பின்பற்றிப் போகும். அதை ரசித்துவிட்டு வேலைக்கு வாருங்கள். ஒரு தாளில் ‘மஞ்சள் பக்கம் சாய்ந்த பச்சை’, ‘நீலம் பக்கம் சாய்ந்த பச்சை’ என்று இரண்டு பத்தி போடுங்கள். படத்தின் கீழிருந்து மேல்வரை கண்ணில் படும் பச்சைத் தீற்றல்களை இரண்டில் ஒன்றில் குறித்துக்கொண்டே போங்கள். கிட்ட இருக்கும் வயலில் மஞ்சள் சாய்வு கூடுதலாக இருக்கும். தூரம் போகப் போக நீலம் ஏறும். வெளிச்சம், இருட்டு என்ற வழக்கமான ஏணியைக் குறைத்துக்கொண்டு, சூடு, குளிர்ச்சி என்ற ஏணியில் அவர் ஏறுகிறார். 1904-இல் எமில் பெர்னார் என்ற ஓவியருக்கு எழுதிய கடிதத்தில் இதை நேராகவே சொல்கிறார்: சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்தின் அதிர்வுகள், காற்று இருப்பதை உணர்த்த அவற்றுக்கு நடுவே போதுமான நீலம் சேர்க்க வேண்டும்.

இதையே இன்னும் முரட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுத்தவர் கோகன். 1888 அக்டோபரில் பிரிட்டனி பகுதியில் போன்-தாவென் என்ற ஊருக்கு வெளியே காட்டில், பால் செருசியே என்ற இளம் ஓவியரை உட்கார வைத்து அவர் எடுத்த பாடம் இது: அந்த மரம் உனக்கு எப்படித் தெரிகிறது? மஞ்சளா? அப்படியானால் மஞ்சள் வை. நிழல் நீலமாகத் தெரிகிறதா? சுத்தமான அல்ட்ராமரைன் நீலத்தையே வை. இலை சிவப்பா? வெர்மிலியன். அப்படி வந்த ‘தாயத்து’ என்ற படம் ஏ4 தாளைவிடச் சின்ன மரப்பலகைதான். பாரிஸ் ஒர்சே மியூசியத்தில் இருக்கிறது. அதில் மரம் எது, தண்ணீரில் தெரியும் பிரதிபலிப்பு எது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். அதைக் கண்டுபிடித்த பிறகு மறந்துவிட்டு, திட்டுகளை மட்டும் பாருங்கள்.

படி 6: பெயிண்டின் மேடுபள்ளம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் திரையில் இது பாதிதான் தெரியும். வான்கோ பெயிண்டைத் தடிமனாக அப்புவார். அந்த வரப்புகளின் முதுகில் அறையின் நிஜ வெளிச்சம் பட்டு, பக்கத்தில் பொடி நிழல் விழும். தீற்றல் போகும் திசையும் செடியைப் பொறுத்தது. சைப்ரஸில் மேல்நோக்கிச் சுழலும். ஆலிவ் இலையில் குட்டிக் குட்டிக் கீற்றாக இருக்கும். பக்கவாட்டு விளக்கில் எடுத்த படங்களைச் சில மியூசியங்கள் வெளியிட்டிருக்கின்றன, கிடைத்தால் பாருங்கள். அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியிலுள்ள நெல்சன்-ஆட்கின்ஸ் மியூசியத்தின் ‘ஆலிவ் மரங்கள்’ படத்தை 2017-இல் மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்தபோது, பெயிண்டுக்குள் ஒரு வெட்டுக்கிளியின் உடல் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெட்டவெளியில் வைத்து வரைந்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த ஆலிவ் இலையின் நிறம் என்ன என்று அவரைக் கேட்டால், வெள்ளி, சில சமயம் நீலம், சில சமயம் பச்சை, வெண்கலம் என்று போய், கூடவே கீழே உள்ள மண் மஞ்சளா, ரோஸா, ஊதாவா, காவியா என்றும் சேர்த்துத்தான் சொல்வார். 1889 செப்டம்பர் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் அந்த மாதத்துக் கடிதத்தையும் வாசித்துவிடுங்கள்.

படி 7: காணாமல் போன நிறத்தைத் தேடுங்கள்

அறிமுகக் கட்டுரைகள் பலவும் தாண்டிப் போகும் இடம் இது. என்னைக் கேட்டால் முக்கியமான படியே இதுதான்.

இரண்டாம் படியில் ஐரிஸ் பூக்களை ‘நீலம்’ என்று சொல்லிக்கொண்டே வந்தோம் அல்லவா? வான்கோ அவற்றை நீலமாக வரையவில்லை. காப்பகத்திலிருந்து எழுதிய கடிதத்தில் ஊதா ஐரிஸ்கள் என்றே குறிப்பிடுகிறார். நீலத்தோடு ஒரு சிவப்பைச் சேர்த்துத்தான் அந்த ஊதாவைக் கொண்டுவந்தார். அந்தச் சிவப்புக்கு ஜெரேனியம் லேக் என்று பெயர். அப்போது புதிதாக வந்திருந்த செயற்கைச் சாயத்தில் செய்தது, பார்க்க அள்ளிக்கொண்டு போகும், வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும். சிவப்பு போனது, நீலம் மிஞ்சியது. அந்தச் சாயத்தில் புரோமின் இருக்கும். நிறம் வெளுத்தாலும் புரோமின் அங்கேயேதான் கிடக்கும். எக்ஸ்ரே கருவியால் ஓவியத்தில் புரோமின் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டால், சிவப்பு எங்கே இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. கெட்டி மியூசியம் 2024-இல் இதையே ஒரு கண்காட்சியாக வைத்தது.

1890 மே மாதம் காப்பகத்தை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன் அவர் வரைந்த நான்கு பூங்கொத்துகளில் இது இன்னும் மோசம். இரண்டு ஐரிஸ், இரண்டு ரோஜா. ரோஜாப் படங்களில் ஒன்று வாஷிங்டன் நேஷனல் கேலரியில், மற்றொன்று மெட்ரோபாலிடனில். இன்றைக்குப் பார்ப்பவர்கள் ‘பச்சைப் பின்னணியில் வெள்ளை ரோஜா’ என்று சொல்லிப் போவார்கள். அவை ரோஸ் நிற ரோஜாக்கள். மெட்ரோபாலிடனின் ஐரிஸ் படத்தில் இன்று வெள்ளையாகத் தெரியும் பின்னணியும் ஒருகாலத்தில் ரோஸ்தான். இங்கே பழைய சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ரோஸும் பச்சையும் சிவப்பு-பச்சை ஜோடியின் மென்மையான வடிவம். ரோஸ் வெளுத்தபோது ரோஜாவுக்கு மட்டும் நஷ்டமில்லை, பக்கத்துப் பச்சைக்கும் துணை போய்விட்டது. பச்சையின் பெயிண்ட் அப்படியே இருக்கலாம், ஆனால் அது தெரிய வேண்டியபடி தெரிவதில்லை. தம்பிக்குப் பிறந்த குழந்தைக்காக 1890-இல் வரைந்த ‘வாதுமைப் பூ’விலும் பூக்கள் முன்பு இன்னும் ரோஸாக இருந்தன.

சூரியகாந்தியின் கதை வேறு. அங்கே நிறம் போகவில்லை, கறுத்தது. குரோம் மஞ்சள் என்பது ஈயத்தின் குரோமேட் உப்பு. வெளிச்சம் படப்பட அதிலுள்ள குரோமியம் வேறு நிலைக்கு மாறிப் பழுப்பேறுகிறது. வெளிர் மஞ்சளுக்காகக் கந்தகச் சேர்மம் கலந்த வகையில் இது சீக்கிரம் நடக்கும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள சூரியகாந்தியில் இரண்டு வகையும் இருக்கின்றன. அந்தப் படம் இனி வெளியூர் பயணம் போகாது என்று 2019-இல் மியூசியம் முடிவெடுத்துவிட்டது. லண்டன் சூரியகாந்தியைப் பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள். அங்கே எதிர் நிறம் கிட்டத்தட்டக் கிடையாது. மஞ்சள் சுவர்முன் மஞ்சள் ஜாடியில் மஞ்சள் பூ. வெளிச்சத்தின்மேல் வெளிச்சம் என்பது அவருடைய திட்டம். ஜாடியோரத்தில் ஓடும் நீலக் கோடும் நீலக் கையெழுத்தும்தான் எதிர்ப்பக்கத்துக்கு இருக்கும் ஆதரவு. மஞ்சள்களுக்குள் இருந்த நூலளவு வித்தியாசங்களைத்தான் முழுப் படமும் நம்பியிருந்தது. அந்த மஞ்சள்களில் சில இன்று கறுத்திருக்கின்றன.

சூராவின் புல்வெளியிலும் இதே கதைதான். அவர் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில வருடங்களிலேயே பழுப்பாக ஆரம்பித்தது. புல்லைப் புள்ளி புள்ளியாகப் பாராட்டிய அதே ஃபெனியோன், 1892-இல் படத்தின் ஒளி போய்விட்டதே என்று வருந்தி எழுதினார். 

வான்கோவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. இம்ப்ரெஷனிஸ்டுகள் பரப்பிய நிறங்கள் எல்லாம் நிலைக்காதவை, அதனாலேயே துணிந்து, பதப்படுத்தாமல் முரட்டுத்தனமாகப் பூச வேண்டும், காலம் அவற்றை வேண்டிய அளவுக்கு மேலேயே மென்மையாக்கிவிடும் என்று 1888 ஏப்ரலில் தியோவுக்கு எழுதியிருக்கிறார். ஆகவே ‘வான்கோ படங்களில் நிறம் அதிகம்’ என்று யாராவது சொன்னால், நாம் பார்ப்பது வெளுத்தது போக மிச்சம் என்று தயங்காமல் சொல்லலாம்.

படி 8: ஒரு செடியை மூன்று முறை பூசுங்கள்

ஓவியராவதற்காக அல்ல, கண்ணுக்குப் பயிற்சி. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, வெள்ளை போஸ்டர் கலர் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வேண்டாம். வான்கோ கறுப்பையும் பயன்படுத்தியவர்தான். ஆனால் பழகும்போது கறுப்பு கையில் இருந்தால் நிழலுக்கெல்லாம் அதையே தொடுவோம்.

தொட்டிச்செடி எதுவானாலும் சரி, இலை பெரிதாக இருந்தால் சுலபம். முதல் தாளில் இலையைப் பச்சையாகவும் நிழலைக் கரும்பச்சையாகவும் பள்ளிக்கூடத்தில் செய்ததுபோலப் பூசுங்கள். இரண்டாவது தாளில் அதே இலை. வெயில் பக்கம் பச்சையோடு மஞ்சள், நிழல் பக்கம் பச்சையோடு நீலமோ ஊதாவோ. தட்டில் முழுக்கக் கலக்காமல் தீற்றலாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது தாளில் இலைக்குள் எந்த வேலைப்பாடும் வேண்டாம். முழுக்க ஒரே தட்டையான பச்சை, நிழல் கிடையாது. பின்னணியை மட்டும் ஒரு பாதி ரோஸ், மறு பாதி மஞ்சள் என்று பிரித்துப் பூசுங்கள். காய்ந்ததும் மூன்றையும் சுவரில் ஒட்டிவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். மூன்றாவது தாளில் ஒரே பச்சை இரண்டு பச்சையாகத் தெரிந்தால், அடுத்து போனில் அந்தத் தாளைக் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். பின்னணியின் இரண்டு பாதிகளும் எவ்வளவு சாம்பல், இலை எவ்வளவு சாம்பல் என்று தெரியும். இலை தூக்கித் தெரிவது வெளிர்-அடர் வித்தியாசத்தாலா, நிறத்தாலா என்று பிரித்துப் பார்க்க இது நல்ல சோதனை. இதே சோதனையை மியூசியப் படங்களிலும் செய்யலாம்.

இவ்வளவும் பழகியபின், இந்தச் சாவி திறக்காத ஒரு பூட்டையும் முயன்று பாருங்கள். ஆன்ரி ரூசோ பாரிஸில் சுங்கச்சாவடி ஊழியராக இருந்தவர், பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. அவருடைய காடுகள் எல்லாம் பாரிஸ் தாவரவியல் பூங்காவில் பார்த்த செடிகளிலிருந்து வளர்ந்தவை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ‘கனவு’ (1910) படத்தில் வானத்தில் முழு நிலா நிற்கிறது. ஆனால் ஒரு இலைகூட நிலா வெளிச்சத்தில் இல்லை. ஒவ்வொரு இலையும் கத்தரித்து ஒட்டியதுபோல் தனித்தனியாக, தன் ஓரத்தில் தானே கொஞ்சம் வெளுத்து நிற்கிறது. பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை. எதிர் நிறத்தின் உதவி பெரிதாக இல்லாமலே இந்தக் காடு பளிச்சென்று இருக்கிறது. இரண்டாம் படியில் செய்ததுபோல அந்தப் பெரிய தாமரைப் பூக்களைக் கையால் மறைத்துத் திறந்து பாருங்கள். ஐந்தாம் படியின் இரண்டு பத்தித் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தி போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.